கெபாயாவை வரைய வேண்டாம், கட்டுங்கள்: ஒரு தென்கிழக்காசிய உடையைக் கலப்பு ஊடகத்தில் செய்வது எப்படி

கெபாயா என்பது முன்பக்கம் திறந்த, மெல்லிய துணியில் தைத்த பெண்கள் மேல்சட்டை. நான் முதன்முதலில் செய்த கெபாயா ஓவியம் இன்னும் பினாங்கு வீட்டில், அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. கான்வாஸில் அக்ரிலிக். நடுவில் நீலக் கெபாயா, சுற்றிலும் பொன்னிறப் பூக்கள், ஓரத்தில் ஒட்டிய பழைய தபால்தலைகள். பார்த்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். மலாக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்புச் சமூகத்துப்) பாட்டி மட்டும் கிட்டப் போய், கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஊசி எங்கே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "பொத்தானே இல்லாத சட்டை இது. ஊசி குத்தாமல் எப்படி மூடி நிற்கிறது?"

கெபாயாவின் முன்பக்கத்தை மூடும் கெரோங்சாங் என்ற அலங்கார ஊசிகளை வரைவது சள்ளை பிடித்த வேலையாக இருந்ததால் விட்டுவிட்டிருந்தேன். அந்த ஒரு கேள்வியில் என் ஓவியத்தின் குட்டு உடைந்தது. உடையின் தோற்றத்தை மட்டும் எடுத்து வைத்திருந்தேன், உணவக வாசலில் மாட்டும் படம்போல. அந்த உடை எப்படி மூடுகிறது, எங்கே ஓட்டை விழுகிறது, சாயம் எங்கே ஏறாமல் நிற்கிறது என்பதெல்லாம் அதில் இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கலப்பு ஊடகத்தில், அதாவது பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் ஓவியத்தில், நான் எடுக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த உடை செய்கிற ஏதாவது ஒரு வேலையைச் செய்ய வேண்டும். மெழுகு, ஓட்டை, ஊசி. இந்த வழிகாட்டி அப்படித்தான் போகிறது. 60க்கு 90 செ.மீ. பலகையில், பாதி அளவுக்கும் கொஞ்சம் பெரிய ஒரு நோன்யா (பெரனாக்கான் பெண்) கெபாயாவும், அதற்குக் கீழே இடுப்பில் சுற்றும் சாரோங்கும் செய்யப்போகிறோம். சனி, ஞாயிறு மட்டும் உட்கார்ந்தால் ஒரு மாதம் ஆகும்.

முதல் படி: உடையைப் படியுங்கள்

இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, 2024 டிசம்பரில் கெபாயா யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இத்தனை நாடுகளில் உடுத்தும் உடைக்கு ஒரே வடிவம் இருக்காது. நான் இங்கே எடுத்துக்கொள்வது மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பெரனாக்கான் பெண்களின் நோன்யா கெபாயா. மெல்லிய வோயல் துணி. முன்பக்கம் முழுக்கத் திறப்பு. கீழ் விளிம்பு முன்னால் இரண்டு கூர்முனையாக இறங்கும். ஓரமெல்லாம் எம்பிராய்டரி, அதற்குள் வெட்டி எடுத்த ஓட்டைகள். இந்த ஓட்டை வேலைக்கு மலாயில் தெபுக் லுபாங் என்று பெயர். துளை போடுவது என்றே அர்த்தம். துணி மெலிதாக இருப்பதால் உள்ளே போட்டிருக்கும் சட்டை வெளியே தெரியும். தெரியத்தான் வேண்டும், அதுதான் அந்த உடையின் விளையாட்டு.

கீழே பாத்திக் சாரோங்: மெழுகால் சாயத்தைத் தடுத்து வடிவம் போட்ட துணி. விரித்தால் சுமார் 2 மீட்டர் நீளம், 1 மீட்டருக்குச் சற்று மேல் அகலம். இதில் இரண்டு பாகம் உண்டு: கெப்பாலா என்கிற தலை, பாடான் என்கிற உடல். தலை என்பது குறுக்கே நிற்கும் வேறு வடிவமுள்ள பட்டை, நம் சேலைக்கு முந்தி மாதிரி. பழைய சாரோங்குகளில் அந்தத் தலையில் எதிரெதிரே இரண்டு வரிசை முக்கோணம் இருக்கும். தும்பால் என்பார்கள். மலாய்க்காரர்கள் அதே முக்கோணத்தை மூங்கில் குருத்து என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். காஞ்சிபுரம் சேலையில் கோபுர பார்டர் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சோழமண்டலக் கரையிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் தீவுகளுக்குத் துணி போய்க்கொண்டிருந்தது; அந்தத் துணிகளிலும் இதே முக்கோண வரிசை உண்டு. ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு மலாயில் காயின் பெலிகாட் என்று பேர். அந்தப் பெலிகாட், நம் பழவேற்காடுதான். மலாக்கா செட்டிகள் இன்னொரு பக்கம். வீட்டில் மலாய் பேசி, கோயிலில் மாரியம்மனைக் கும்பிடும் அந்தச் சமூகத்துப் பெண்களின் உடையும் கெபாயா, சாரோங்தான்.

சிங்கப்பூரில் பெரனாக்கான் அருங்காட்சியகம், கோலாலம்பூரில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம், ஜாவாவில் பெக்கலோங்கான் பாத்திக் அருங்காட்சியகம். போக முடிந்தால் போங்கள். போனால் முழு உடையைப் படம் எடுப்பதோடு நிறுத்திவிடாமல், ஓரத்தை மட்டும் பாருங்கள். ஒரு விரல் நீள ஓரத்தை அரைமணி நேரம் வரைந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த வடிவத்தையும் எடுத்து ஒட்டிவிடலாம் என்றில்லை. பாத்திக்கில் பாராங் என்ற சாய்ந்த கத்தி வடிவம் ஒரு காலத்தில் ஜாவாவின் யோக்யகர்த்தா, சூரகர்த்தா அரண்மனைகளுக்கு வெளியே இருப்பவர்கள் அணியக் கூடாததாக இருந்தது. பிலிப்பைன்ஸில் தெபோலி மக்கள் வாழைநார் மாதிரியான அபாக்கா நாரில் நெய்யும் தெநாலாக் துணியைத் தாண்டினாலும் மிதித்தாலும் கேடு வரும் என்று நம்புகிறார்கள். அதைக் கத்தரிப்பது அவர்களுக்குச் சாதாரணக் காரியமல்ல. பாட்டியின் அசல் சாரோங்கையோ கெபாயாவையோ வெட்டி ஒட்டும் எண்ணம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். பழுப்புத் தாளை மேலே வைத்து அளவும் கோடும் எடுத்துக்கொண்டு, உடையைத் திரும்ப மடித்து வையுங்கள்.

இரண்டாம் படி: என்ன சொல்லப்போகிறீர்கள்?

இது சின்னப் படிதான், ஆனால் தாண்டக் கூடாது. "பாரம்பரியம்" என்று மட்டும் பதில் வந்தால் பொருள் வாங்கப் போகாதீர்கள். என் பலகை ஒரு துக்கத்தைப் பற்றியது. பெரனாக்கான் வீடுகளில் துக்கக் காலத்தில் பெண்கள் தங்கமும் வைரமும் கழற்றிவிட்டு வெள்ளியும் முத்தும் அணிவார்கள். முத்து கண்ணீருக்குச் சமானம். உடையும் நீலம், வெள்ளை, கறுப்பு என்று இறங்கிவிடும். என் நிறம், உலோகம், மணி எல்லாவற்றையும் இந்த ஒரு செய்தியே முடிவு செய்துவிட்டது. தங்கத்தாள் டப்பா மேசைக்கே வரவில்லை.

மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால், சபாவைச் சேர்ந்த யீ ஐ-லானிடமிருந்து தொடங்குங்கள். 2010இல் அவர் செய்த 'ஓராங் பெசார்' வரிசையில் பட்டுத் துணியில் டிஜிட்டல் அச்சும் மெழுகு வேலையும் ஒன்றாக வருகின்றன. ஓராங் பெசார் என்றால் பெரிய மனிதர். அதிகாரத்தைப் பற்றிப் பேச அவர் தேர்ந்தெடுத்த இடம் துணியின் கெப்பாலா, அதாவது தலை. துணியின் உறுப்பே பேச்சாகிவிடுகிறது. வியட்நாமியரான டின் க்யூ லே, சின்ன வயதில் அத்தை புல்பாய் முடைவதைப் பார்த்துக் கற்றதை வைத்து, புகைப்படங்களை நாடா நாடாக வெட்டிப் பாய்போல முடைந்தார். இருவரும் கைவேலையின் முறையை எடுத்தார்கள், மேல்பூச்சை எடுக்கவில்லை. பினாங்கிலேயே சுவா தியான் தெங் 1950களில் பாத்திக்கை உடுத்தும் துணியிலிருந்து சுவரில் மாட்டும் ஓவியமாக்கினார். இங்கே இந்தக் கதைக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது.

மூன்றாம் படி: பலகை

கான்வாஸ் வேண்டாம். உலோகமும் மணியும் ஏறினால் தொய்ந்துவிடும். 9 மி.மீ. பிளைவுட் எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, முன்பக்கம் இரண்டு பூச்சு ஜெஸ்ஸோ (ஓவியத்துக்கான வெள்ளை அடிப்பூச்சு), பின்பக்கம் ஒரு பூச்சு. பின்பக்கத்தை விட்டுவிட்டால் மழைக்காலத்தில் பலகை வளையும். எனக்கு வளைந்தது.

பழுப்புத் தாளில் எடுத்த அளவைச் சிறிதாக்கிப் பென்சிலால் பலகையில் போடுங்கள். மேலே மூன்றில் இரண்டு பங்கு கெபாயா, கீழே சாரோங். ஊசி வரும் மூன்று இடங்களையும் இப்போதே குறித்து, சன்ன டிரில்லால் ஓட்டை போட்டுவிடுங்கள். எல்லாம் ஒட்டிய பிறகு டிரில் பிடிப்பது வேண்டாத வேலை.

நான்காம் படி: மெழுகில் சாரோங்

இதற்கு வடதாய்லாந்தில் மல்பெரி மரப்பட்டையில் செய்யும் சா காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். சியாங் மாய் பக்கம் குடை செய்யும் அதே காகிதம்; நனைந்தாலும் கிழியாது. கிடைக்காவிட்டால் ஏதாவது கனமான ரைஸ் பேப்பர்.

ஜாவாவில் மெழுகுக்கு மாலாம் என்று பெயர். நமக்குத் தேன்மெழுகும் பாரஃபினும் சம அளவு கலந்தால் சரியாக வரும். தேன்மெழுகு வளையும், பாரஃபின் உடையும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடி நெருப்பில் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி போட்டு அடுப்பை அணையுங்கள்.

சாந்திங் என்ற செம்பு மூக்குக் கருவி இருந்தால் நல்லது. முதல் நாள் அது சொட்டிக்கொண்டேதான் இருக்கும். இடக்கையில் ஒரு துணித்துண்டை அதன் மூக்குக்குக் கீழேயே பிடித்துக்கொள்ளுங்கள். மெழுகு சரியான சூட்டில் இருக்கிறதா என்று காகிதமே சொல்லும். கோடு போட்ட இடம் எண்ணெய் பட்டதுபோல் ஊடுருவித் தெரிந்தால் சரி. மேலே வெள்ளையாக உட்கார்ந்தால் ஆறிப்போய்விட்டது. அடியில் சாயம் நுழைந்துவிடும்.

முதலில் தும்பால் முக்கோணங்களின் கோடுகளும், பாடானில் பூக்களின் கோடுகளும். பிறகு வெளிர்நீல இங்க் ஒரு பூச்சு. காய்ந்ததும், வெளிர்நீலமாகவே நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடி, மேலே அடர்நீலம். இதையே மூன்றாவது தடவையும் செய்யலாம், நான் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். மெழுகைக் கசக்கி வெடிப்பு உண்டாக்கி, அதில் சாயம் ஓடவிடுவது பலருக்கு ரொம்பப் பிடிக்கும். பாத்திக் என்றாலே அந்த வெடிப்புக் கோடு என்று நினைக்கிறார்கள். நல்ல ஜாவா பாத்திக்கில் அதைப் பிழையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வைக்க நினைத்தால் காரணத்தோடு ஒரு இடத்தில் வையுங்கள்.

காய்ந்தபின் மேலும் கீழும் வெள்ளைத்தாள் வைத்து இஸ்திரி போடுங்கள்; மெழுகு தாளுக்கு ஏறிவிடும். தாளை நாலைந்து தடவை மாற்ற வேண்டியிருக்கும். செய்தித்தாள் வைத்தால் அதன் மையும் உங்கள் பூவில் ஏறும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் கொஞ்சம் மெழுகு தங்கி, காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அது அழகு. ஆனால் அதன் மேல் பசை எதுவும் பிடிக்காது. ஒரு இரவு முழுக்க ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், காலையில் சாரோங் தரையில் கிடந்தது. ஆகவே தைத்துவிடுங்கள். ஒரு துண்டு கான்வாஸ் துணிமேல் இந்தக் காகிதத்தை வைத்து, ஓரங்களில் ஊசியால் முன்கூட்டியே துளை குத்திக்கொண்டு, நூலால் ஓட்டுத்தையல் போடுங்கள். கான்வாஸைப் பலகையில் ஒட்டலாம், அது பிடிக்கும்.

ஐந்தாம் படி: உள்ளே தெரிவது

கெபாயாவுக்குள்ளே தெரியும் சட்டையின் இடத்தில் ஒரு புகைப்படத்தை ஏற்றப்போகிறோம். டோனர் மை உள்ள லேசர் பிரதி வேண்டும். வீட்டு இங்க்ஜெட் பிரதி தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். கண்ணாடி பிம்பமாகத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் இடவலம் மாறிவிடும்.

பலகையில் அக்ரிலிக் ஜெல் மீடியம் சீராகப் பூசி, பிரதியைக் குப்புறப் பதித்து, பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்துவிடுங்கள். ஒரு இரவு. மறுநாள் ஈரப் பஞ்சால் காகிதத்தை ஊறவைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் காகிதம் நூல்நூலாக உருண்டு வரும். கீழே படம் நிற்கும். காய்ந்ததும் மேலே வெண்புகை படிந்ததுபோல் இருக்கும். மறுபடி நனைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று தடவைக்குமேல் போனால் படமே கழன்றுவிடும். மிச்சமிருக்கும் புகை, மேலே ஒரு பூச்சு மீடியம் கொடுத்ததும் மறைந்துவிடும்.

எந்தப் படம்? காலனிக் காலத் தபாலட்டைகளில் கெபாயா போட்ட பெண்கள் நிறையக் கிடைப்பார்கள், இணையத்தில் இலவசமாகவே. எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெயரே போடாமல் 'உள்ளூர்ப் பெண்' என்று மட்டும் எழுதி விற்ற படங்கள் அதில் ஏராளம். அதை அப்படியே ஒட்டினால் அந்தக் கேமராக்காரரின் பார்வையைத்தான் மறுபதிப்புச் செய்கிறோம். நான் ஒரு மளிகைக் கணக்கு நோட்டின் பக்கத்தை ஏற்றினேன்: அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், அன்றைய தேதி. முகத்தைவிட அது அதிகம் பேசியது.

ஆறாம் படி: கெபாயா

இதுதான் மொத்த வேலையின் உயிர். இங்கே அவசரப்படாதீர்கள்.

வெறும் வோயலை வெட்டினால் நூல் பிரியும். வெறும் காகிதம் துணிபோல விழாது. இரண்டையும் சேர்க்க வேண்டும். மேசையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் வெள்ளைப் பருத்தி வோயலைச் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். மேட் மீடியத்தில் (பளபளக்காத அக்ரிலிக் மீடியம்) சம அளவு தண்ணீர் கலந்து துணி நனையப் பூசுங்கள். அதன் மேல் வெள்ளை டிஷ்யூ தாளை மெதுவாக இறக்கி, மேலேயும் ஒரு பூச்சு. தாள் சுருங்கும், சுருங்கட்டும். முழுதாகக் காய்ந்தபின் உரித்தால், துணி மாதிரி வளையும், காகிதம் மாதிரி வெட்டும் ஒரு பொருள் கையில் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், விரல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மீடியம் கெட்டி. திரும்பச் செய்யுங்கள்.

இதில் கெபாயாவின் வலது, இடது, முதுகுத் துண்டுகளை வெட்டி, ஓரப் பூக்களைப் பென்சிலால் லேசாக வரையுங்கள். இனி வரிசை மாறக் கூடாது. கெபாயாத் தையல்காரர்கள் முதலில் பூவின் எல்லையைத் தையல் மெஷினில் நெருக்கமாகத் தைத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே இருக்கும் துணியைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். தையல்தான் ஓட்டைக்கு வேலி. நாமும் அப்படியே. மெஷின் இருந்தால் நெருக்கமான ஜிக்ஜாக். கையில் என்றால் காஜா தையல். பிறகு கூர்முனைக் கத்தரியால் உள்பக்கத்தை எடுங்கள். முதல் பூவை வெட்டும்போது கை நடுங்கும். ஒரு நூல் வெட்டுப்பட்டால் பரவாயில்லை, ஊசியால் மேலே ஒரு முடிச்சு போட்டுவிடலாம்.

பூக்களுக்கு நடுவே வரும் பொடித் துளைகளுக்கு ஊதுபத்தி. கொளுத்தி, சாம்பலைத் தட்டிவிட்டு, சிவந்த நுனியால் தொட்டு உடனே எடுங்கள். ஓரம் பழுப்பாக எரிந்த சன்னமான வட்டம் விழும். துக்கத்துக்கு வேறு நிறம் தேட வேண்டாம், அந்தப் பழுப்பே போதும். மீடியம் பூசிய தாள் எரியும்போது புகை நல்லதல்ல. ஜன்னல் பக்கம் உட்காருங்கள், கையெட்டும் தூரத்தில் ஈரத்துணி ஒன்று இருக்கட்டும். பாலியெஸ்டர் துணியில் இதைச் செய்ய வேண்டாம், உருகிச் சொட்டும்.

ஏழாம் படி: ஊசி

கெரோங்சாங் மூன்று. மேலே பெரியது, மாங்காய்க்கும் இதயத்துக்கும் நடுவான வடிவம். அதற்குத் தாய் என்று பெயர். கீழே இரண்டும் வட்டம், பிள்ளைகள். மூன்றையும் சங்கிலி இணைக்கும்.

குளிர்பானக் கேனை வெட்டித் தட்டையாக்கி (ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போடுங்கள்), பழைய செய்தித்தாள் கட்டின்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் பின்பக்கத்திலிருந்து அழுத்தி வடிவம் போடுங்கள். முன்னால் புடைத்து நிற்கும். கறுப்பு அக்ரிலிக் பூசி உடனே துடைத்தால் பள்ளத்தில் மட்டும் தங்கி, பழைய வெள்ளி மாதிரி தெரியும். நடுவில் ஒரு முத்துமணி, பின்னால் ஊசியாக ஒரு சன்னக் கம்பி. அறுந்த கொலுசின் சங்கிலி இருந்தால் அதையே போடலாம்.

இப்போது கெபாயாவைப் பலகையில் ஏற்றுங்கள். முதுகுத் துண்டை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டி, முன்துண்டுகளைத் தோள்பட்டையில் தையுங்கள். முன்பக்கத்தை ஒட்டாதீர்கள், தயவுசெய்து. இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, கெரோங்சாங்கின் கம்பியை இரண்டிலும் குத்தி, மூன்றாம் படியில் போட்ட ஓட்டை வழியே பின்னால் இழுத்து வளைத்துவிடுங்கள். சட்டை மூடியிருப்பது அந்த மூன்று ஊசியால் மட்டும்தான். ஒன்றைக் கழற்றினால் திறந்துகொள்ளும், உள்ளே அரிசிக் கணக்கு முழுதாகத் தெரியும். அந்தப் பாட்டி கேட்டது எனக்கு இந்த இடத்தில்தான் முழுசாக விளங்கியது.

எட்டாம் படி: மாட்டுவது

கண்ணாடியை நேராக மேலே போட்டால் கெபாயா நசுங்கிவிடும். 4 செ.மீ. ஆழமுள்ள பெட்டிச் சட்டம் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மெழுகும் காகிதமும் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். வெயில் விழும் சுவர் கூடாது, மெழுகு வியர்க்கும்.

விளக்கை நேர் எதிரே வைக்காமல், மேலே ஒரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள். அப்போதுதான் வெட்டிய பூக்களின் நிழல் உள்ளே இருக்கும் கணக்குப் பக்கத்தின்மேல் விழும். என் வீட்டில் விளக்கு இருக்கும் கோணத்தில், பெரிய பூவின் நிழல் சரியாகக் கருவாட்டு விலைக்கு மேல் விழுகிறது. நகர்த்திப் பார்த்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.